பாட்டுத் தட்டும் பக்கத்தில் ஒரு கையேடும்

(நூலகம் ஒன்றில் இசைப் பிரிவைத் தொடங்கிவைத்து ஆற்றிய சொற்பொழிவு)



இந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்து மறைந்த ஒருவர் ஆயுள் முழுவதும் ஆசையாகச் சேர்த்த சிடிக்களை, அவருடைய பிள்ளைகள் இந்த நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் பொது இடத்துக்கு வந்ததே பெரிய காரியம். அந்தக் குடும்பத்தாருக்கு முதலில் என் நன்றி. இரண்டு அலமாரி நிறைய இருக்கிறது. பெரும்பகுதி கர்நாடகக் கச்சேரிகள். ஓதுவார்கள் பாடிய தேவாரம் ஓர் அடுக்கு முழுக்க. நாகசுரம் கொஞ்சம். பழைய கிராமபோன் பாட்டுகளைச் சுத்தப்படுத்தி மறுபடி வெளியிட்டவை கொஞ்சம்.

நூலகர் அம்மா என்னை அழைத்தபோது ஒரு கேள்வி கேட்டார். "புத்தகம் என்றால் வாசகர்கள் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். பாட்டை எப்படி ஐயா புரட்டுவது?" நல்ல கேள்வி. ஒரு சிடி ஓடி முடிய எழுபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வட்டங்கள். தெரிந்த பாடகர் பெயரைப் பார்த்து எடுப்பார்கள். தெரியாத பெயர்கள் அப்படியே தூசி படிந்து கிடக்கும். அதற்கு நான் சொன்ன பதில்: பாட்டைப் புரட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கையேட்டை விரித்து வையுங்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கையேடு என்றதும் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று தரம் பிரித்துச் சொல்லும் புத்தகம் சிலருக்கு நினைவு வரலாம். இங்கிலாந்தில் அப்படி ஒன்று நீண்ட காலம் கோலோச்சியது. எட்வர்ட் கிரீன்ஃபீல்ட், ராபர்ட் லேட்டன், ஐவன் மார்ச் என்ற மூன்று விமர்சகர்கள் 1975இல் பெங்குவின் நிறுவனத்துக்காக எழுதத் தொடங்கிய இசைத்தட்டு வழிகாட்டி அது. சிடி வந்த பிறகும் பதிப்பு மேல் பதிப்பாகத் தடித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு தட்டுக்கும் நட்சத்திரங்கள் கொடுப்பார்கள். மனத்தைப் பறித்தவற்றுக்கு ஒரு ரோசெட் அடையாளம் தனியாக உண்டு. பேத்தோவனின் ஒரு சிம்பொனியையே அச்சிட்ட சுரக்குறிப்பு மாறாமல் பல வாத்தியக் குழுக்கள் வாசித்துப் பதிவு செய்யும் இசைக்கு அந்த ஒப்பீடு பொருந்தும். நம்மிடம் அப்படி நட்சத்திரம் போட்டால் யாருக்கு என்ன பயன்? மதுரை மணி ஐயர் ஒரே பாட்டை இரண்டு மேடைகளில் பாடியிருந்தால் அவை இரண்டு பாட்டுகள். கற்பனை சுரம் வேறு, நிரவல் எடுத்த இடம் வேறு, அன்றைக்குக் குரல் நின்ற நிலை வேறு. ஆகவே நமக்கு வேண்டியது வழிகாட்டும் புத்தகம். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போகிற தடம் தெரிய வேண்டும். நல்ல வேளையாக அப்படிப்பட்ட நூல்கள் நம்மிடம் இருக்கின்றன.

முதலில் சிடி உறையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் நேராகப் பாட்டின் முதற்சொல், ராகம், தாளம், இயற்றியவர் என்று போட்டிருக்கும். தேவாரம் என்றால் பண், தலம். கீழே பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் கையேட்டில் ஒரு பக்கத்தைத் திறக்கும். எப்படி என்று ஒரு தட்டை வைத்தே காட்டுகிறேன்.

தேவார அடுக்கில் தருமபுரம் சுவாமிநாதன் பாடிய ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். கம்பீரமான குரல், சொல் ஒவ்வொன்றும் உடையாமல் வந்து விழும். அதில் ஒரு பதிகத்துக்கு நேரே பண் என்ற இடத்தில் 'யாழ்முறி' என்று இருக்கிறது. தட்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. இப்போது பக்கத்து அறையில் உள்ள தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை எடுங்கள். வீ.ப.கா. சுந்தரம் அவர்கள் தொகுத்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முதல் தொகுதி 1992இல் வந்தது, மொத்தம் நான்கு தொகுதிகள். தமிழிசை பற்றிய சொற்களை அகர வரிசையில் விளக்கும் நூல். ஒரு மனிதர் தம் முதுமையில் இவ்வளவு பெரிய வேலையை முன்னின்று செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அதில் யாழ்முறி என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. ஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்துக்கொண்டே கூடப் போனார். தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகங்களுக்குப் பெருமை பரவுகிறது என்று பேசினார்கள். பாணருக்கு மனம் பொறுக்கவில்லை. கருவியில் அடங்காத ஒரு பாட்டைப் பாடி அவர்களுக்கு உண்மையைக் காட்ட வேண்டும் என்று அவரே சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் பின்தொடர முடியாமல் நின்றது. பாணர் யாழையே உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்தார். முதல் திருமுறையின் கடைசிப் பதிகமாக, 136ஆவதாக இருப்பது இதுதான். இன்று ஓதுவார்கள் இதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

இந்த இடத்தில் தேவார அடுக்கை விட்டு நகர்கிறோம். அடாணா என்று தெரிந்ததும் கச்சேரி அலமாரிக்கு வந்து அடாணா எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட வேண்டும். மேல் சட்ஜத்தைச் சுற்றிச் சுற்றி வரும் விறுவிறுப்பான ராகம். கச்சேரியில் காம்போதியோ தோடியோ நிதானமாகப் பாடி முடித்த பிறகு சபையை நிமிர்ந்து உட்காரவைக்க எடுப்பார்கள். பல உறைகளில் 'பாலகனகமய' என்ற பாட்டு அடாணாவில் இருக்கும்; தியாகராஜர் கீர்த்தனை. இதைக் கீர்த்தனைப் புத்தகத்தின் அகராதியில் 'பா' எழுத்தில் தேடினால் அகப்படாமல் போகலாம். இந்தப் பாட்டின் பல்லவி 'ஏல நீ தயராது'. பாடகர்கள் அனுபல்லவியிலிருந்து எடுப்பது வழக்கமாகிவிட்டதால், உறை அச்சிட்டவர் காதில் முதலில் விழுந்ததை எழுதிவிட்டார். புத்தகம் பல்லவியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கும். இந்த ஒரு சூட்சுமம் தெரியாமல், பாட்டே புத்தகத்தில் இல்லை என்று திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதற்சொல்லில் அகப்படாவிட்டால் ராக அட்டவணைக்குப் போங்கள், அடாணாவின் கீழே உள்ள தியாகராஜர் பாட்டுகளில் கண்டுபிடித்துவிடலாம். டி.எஸ். பார்த்தசாரதி தமிழில் பொருளோடு பதிப்பித்த தியாகராஜ கீர்த்தனைகள் இதற்கு நல்ல துணை. தெலுங்கு தெரியாதவர்களும் பாட்டின் பொருளறிந்து கேட்கலாம். பொருள் தெரிந்து கேட்டால் நிரவலுக்குப் பாடகர் ஏன் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளங்கும்.

அடாணாவை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் நவக்கிரக கிருதிகள் என்று ஒரு தட்டு வரும். முத்துசுவாமி தீட்சிதரின் பாட்டுகள். அதில் குருவைப் பற்றிய 'பிருஹஸ்பதே' அடாணாவில் இருக்கிறது. தியாகராஜர் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வேறொரு அடாணா. அவசரமே கிடையாது. ஒவ்வொரு சொல்லும் நின்று, அடுத்த சொல்லுக்கு வழிவிட்டுப் போகிறது. விறுவிறுப்பு என்பது ராகத்தின் ஒரு முகம்தான் என்று அப்போது தெரிகிறது. இதை எந்த விமர்சனக் கட்டுரையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரே ராகத்தின் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டதில் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தட்டில் ஒன்பது கிருதிகள் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க இப்போது நம் கையேடுகளில் தலையாயதைத் திறக்க வேண்டும். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் எழுதியது. 1904இல் எட்டயபுரத்தில், அந்தச் சமஸ்தானத்தின் ஆதரவில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சேற்ற முனைந்த சின்னசுவாமி முதலியாரின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. சென்னை மியூசிக் அகாடமி 1961இல் தொடங்கித் தமிழில் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தது. தீட்சிதர் கிருதிகள் இருநூற்றுக்கும் மேல் சுரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. பரம்பரையாக வீட்டுக்குள் இருந்த சொத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிய நூல் அது.

பிரதர்சினியில் நவக்கிரகப் பாட்டுகளைத் தேடினால் ஏழுதான் கிடைக்கும்: சூரியன் முதல் சனி வரை, வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு. ராகு, கேது பாட்டுகள் அதில் இல்லை. உறையின் தாளக் கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று சூளாதி தாளங்கள் ஏழும் ஏழு பாட்டுகளில் வரிசையாக வந்து சனியோடு முடிந்துவிடுகின்றன. ராகுவும் கேதுவும் ரூபகத்துக்கே திரும்பி வருகின்றன. தீட்சிதர் நினைத்தது ஏழு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பு என்றும், மற்ற இரண்டும் பின்னால் சேர்ந்தவை என்றும் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அந்த இரண்டையும் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. ராமமனோகரியிலும் சாமரத்திலும் அவை நல்ல பாட்டுகள், கேளுங்கள். ஆனால் அடுத்தமுறை முதல் ஏழையும் ஒரே மூச்சில், தாளத்தை விரலில் எண்ணியபடி கேளுங்கள். தனித்தனிப் பாட்டாகக் கேட்டபோது புலப்படாத ஒரு கட்டுமானம் புலப்படும்.

தேவாரத்தில் தொடங்கி எட்டயபுரத்தில் வந்து நிற்கிறோம். இடையில் ஒரு பைசா செலவில்லை. எல்லாம் இந்த நூலகத்திலேயே இருந்தவை.

இதேபோல் தலத்தை வைத்தும் போகலாம். தேவாரத்தை நம் முன்னோர் இரண்டு விதமாக அடுக்கி வைத்தார்கள்: பண்முறை ஒன்று, தலமுறை இன்னொன்று. இசையால் தேடுகிறவருக்கு ஒன்று, ஊரால் தேடுகிறவருக்கு ஒன்று. ஒரே செல்வத்துக்கு இரண்டு அட்டவணை. நூலகத் துறையில் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பெருமைப்பட வேண்டும். தேவாரத் தட்டுகளில் கீழ்வேளூர்ப் பதிகம் இருந்தால் எடுத்துக் கேளுங்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பிறகு தீட்சிதர் தொகுதிக்கு வந்து அதே ஊரைத் தேடுங்கள். 'அக்ஷயலிங்க விபோ' சங்கராபரணத்தில் கிடைக்கும். மிச்ர சாப்பில் யானை நடையாக நகரும் பெரிய கிருதி. பல நூற்றாண்டுகள் இடைவெளியில் இரண்டு மொழிகளில் ஒரே சந்நிதியைப் பாடியதை ஒரே மாலைப்பொழுதில் அடுத்தடுத்துக் கேட்கிற வாய்ப்பு நம் தாத்தாக்களுக்குக் கிடைத்ததில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட கணினித் தேவாரம் என்ற குறுந்தகடும் இந்த வேலைக்குப் பேருதவி. மூலம், ஆங்கில உரை, வரைபடம், ஓதுவார் குரல் எல்லாம் ஒன்றாக வைத்த தட்டு அது.

பெயர்க் குழப்பங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையேட்டைத் திறந்த புதிதில் பலர் மனம் சோர்வது இங்கேதான். உறையில் கரகரப்பிரியா என்று இருக்கிறது. அது 22ஆவது மேளம், அதாவது தாய் ராகம், என்று இசை பயிலும் பிள்ளைகளுக்கும் தெரியும். பிரதர்சினியில் 22ஐத் திறந்தால் ஸ்ரீராகம் இருக்கும். காரணம், மேளங்களுக்கு இரண்டு பெயர் வரிசைகள் உண்டு. கனகாங்கி, ரத்னாங்கி என்று இன்று நாம் ஒப்பிக்கும் வரிசை ஒன்று. மேளங்களை வகுத்த வேங்கடமகியின் மரபில் வந்ததாகத் தீட்சிதர் குடும்பம் கைக்கொண்ட வரிசை இன்னொன்று. உறையில் ஒரு தீட்சிதர் பாட்டுக்கு ஹேமவதி என்று போட்டிருக்கும். அது பிரதர்சினியில் தேசிசிம்மாரவம் என்ற பெயரில் இருக்கும். எப்படி இணைப்பது? கடபயாதி கணக்கு கைகொடுக்கும். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேள எண். ஹேமவதியில் ஹ எட்டு, ம ஐந்து; திருப்பினால் 58. தேசிசிம்மாரவத்தில் தே எட்டு, சி ஐந்து, திருப்பினால் 58. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறுவதில்லை. கனகாங்கி முதல் ரசிகப்பிரியா வரை 72க்கும் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு தாளை இந்தப் பிரிவின் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். எண் இருந்தால் எந்தப் புத்தகத்துக்குள்ளும் நுழைந்துவிடலாம்.

காதால் கேட்கும் கையேடுகளும் உண்டு. மகா வைத்தியநாத சிவன் 72 மேளங்களையும் ஒரே பாட்டில் கோத்து ஒரு ராகமாலிகை செய்தார். திருவையாற்று இறைவன் பெயரால் 'பிரணதார்த்திஹர' என்று தொடங்குவது. ஒவ்வொரு ராகத்தின் பெயரும் அந்தந்த வரியிலேயே நுழைந்திருக்கும்; வரி முடிவில் வரும் சிட்டைசுரம் அடுத்த ராகத்துக்குள் கொண்டுபோய் விடும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவு இருக்கிறது. அதைக் கேட்டபடி சுவரில் உள்ள தாளைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். முதல் 36 மேளங்களிலும் சுத்த மத்யமம். 37இல் பிரதி மத்யமம் வந்ததும் காற்று மாறியதுபோல் இருக்கும். தமிழிலேயே வேண்டுமானால் கோடீசுவர ஐயரின் கந்த கானாமுதம் இருக்கிறது. 72 மேளங்களிலும் முருகன்மேல் தமிழ்ப் பாட்டுகள். எஸ். ராஜம் அவர்கள் அவற்றைத் தேடிப் பாடி நிலைநிறுத்தினார். சங்கீத மும்மூர்த்திகளின் படமாக நம் வீட்டுச் சுவர்களில் தொங்குபவை அவர் கையால் தீட்டியவை என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் குரலில் இந்தப் பாட்டுகளைக் கேட்டால் அரிய விவாதி மேளங்கள்கூடப் பயமுறுத்தாமல் பழகும்.

சரி, புத்தகம் எவ்வளவு தூரம் வரும்? பிரதர்சினியின் சுரக்குறிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுரங்களின் தலைமேல் சின்னச் சின்ன அடையாளங்கள். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஓரிகை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. அசைவில்தான் ராகம் இருக்கிறது, வெறும் சுரத்தில் இல்லை என்று அறிந்த மனிதர் அச்சு எழுத்துக்குள் அசைவை அடைக்கப் பட்ட பாடு அது. ஆனாலும் அந்தக் குறியைப் பார்த்து ஒருவர் புதிதாகப் பாடிவிட முடியாது. வீணை தனம்மாள் 1930களில் பதிவுசெய்த சில பாட்டுகள் சிடியாக வந்திருக்கின்றன. ஊசி உரசும் இரைச்சலுக்கு நடுவே, விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போவதைக் கேளுங்கள். பிறகு அவருடைய பேத்தி பிருந்தா பாடியதைக் கேளுங்கள். ஒதுக்கல் என்றால் என்ன என்று புத்தகம் இரண்டு வரியில் சொல்வது அப்போதுதான் உயிர்பெறும். புத்தகம் தட்டைத் திறக்கிறது; தட்டு புத்தகத்தைத் திறக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு படித்தேன் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

இன்னொன்றும் நடக்கும். 'அக்ஷயலிங்க விபோ'வின் சுரக்குறிப்பை விரித்துவைத்து இன்றைய பாடகர் ஒருவரின் தட்டைப் போட்டுப் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதைவிடச் சங்கதிகள் கூடுதலாக வரும். உடனே தட்டு தப்பு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. குரு சிஷ்ய வழியில் வாய்மொழியாக வந்த பாட்டு வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சி எங்கே ராகத்துக்குச் செழிப்பு, எங்கே வெறும் பரபரப்பு என்று எடைபோடும் பொறுப்பு கேட்கிறவருக்கு வருகிறது. நல்ல ரசிகர் உருவாவது அந்த இடத்தில்தான்.

பதிவின் காலத்தையும் கவனியுங்கள். 78 சுழல் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். அதற்குள் ராகம் கொஞ்சம், பல்லவி, அனுபல்லவி, சரணம், சுரம் கொஞ்சம் என்று எல்லாவற்றையும் அடக்கினார்கள். காலப்பிரமாணம் துரிதமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். அந்தக் காலத்தில் எல்லோரும் வேகமாகத்தான் பாடினார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. 1982இல் சிடி சந்தைக்கு வந்தபோது அதன் அளவு எழுபத்து நான்கு நிமிடம். இரண்டரை மணி நேரக் கச்சேரி அதிலும் அடங்காது. அதனால்தான் கச்சேரிப் பதிவுகள் இரண்டு மூன்று தட்டுகளாக வருகின்றன. சிலவற்றில் தனி ஆவர்த்தனம் வெட்டுப்பட்டிருக்கிறது. மிருதங்க வித்வானுக்குச் செய்த அநியாயம் என்றே அதை நான் சொல்வேன்.

மிருதங்கம் என்றதும் பக்கவாத்தியத்துக்கு வருகிறேன். இந்தச் சேகரிப்பைப் பாடகர் பெயரை மறந்துவிட்டு, மிருதங்கக்காரர் பெயரை வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாலக்காடு மணி ஐயர் வாசித்த தட்டுகளை மட்டும் தனியே எடுங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு வாசிக்கும் கை வேறு, மதுரை மணிக்கு வாசிக்கும் கை வேறு. அரியக்குடியின் மத்யமகாலப் பாட்டில் பாலக்காடு மணி ஐயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டே நடக்கிறார். சரணத்தில் ஒரு வரி முடிகிற இடத்தில் மிருதங்கத்தின் தொப்பியில் (இடது முகத்தில்) ஒரே ஒரு குமுக்கி கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருத்தலைக் கேட்கவே ஒரு தட்டை மறுபடி மறுபடி போடலாம். லால்குடி ஜெயராமன் வயலின் வாசித்த தட்டுகளையும் இப்படியே வரிசைப்படுத்துங்கள். இசைக் கலைஞர்களைப் பற்றி அறிய, பேராசிரியர் சாம்பமூர்த்தி தொகுத்த தென்னிந்திய இசை அகராதி இருக்கிறது; முதல் தொகுதி 1952இல் வந்தது. ஆங்கில நூல்தான், ஆனால் எளிய ஆங்கிலம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்று பிள்ளைகள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்து இசையெல்லாம் விரல்நுனியில் கிடைப்பது பெரிய வசதி. ஆனால் அங்கே பெரும்பாலும் பாடகர் பெயரும் பாட்டின் பெயரும்தான் வருகின்றன. வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்பது இல்லை. சில வேளை ராகமே இல்லை. இயற்றியவர் இருக்கவேண்டிய இடத்தில் பாடியவர் பெயர் இருக்கிறது. ஒரு மேடையில் நான்கு பேர் மூன்று மணி நேரம் உழைத்ததில் மூவர் பெயரை அழித்துவிட்டால் வரலாற்றில் அவர்கள் எங்கே போவார்கள்? இந்த அலமாரியில் உள்ள உறைத் தாள்கள் அதனால்தான் எனக்குத் தட்டுக்கு நிகரான சொத்தாகத் தெரிகின்றன. நாளைக்கு இந்தப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றுவார்கள், ஏற்றத்தான் வேண்டும், சிடி ஓட்டும் கருவியே அரிதாகிக்கொண்டு வருகிறது. ஏற்றும்போது உறையின் நான்கு பக்கங்களையும் சேர்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும். நூலகத்தாருக்கு என் வேண்டுகோள் இது.

வேலைக்கு வருவோம். ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். தட்டுக்கு ஒரு எண். பிறகு பாட்டு, ராகம், மேள எண், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியம், தலம். கடைசிக் கட்டம் குறிப்புக்கு. அதில் கையேட்டில் அந்தப் பாட்டு இருக்கும் நூலும் பக்கமும் எழுத வேண்டும். கேட்டவர் மனத்தில் பட்டதையும் ஒரு வரி எழுதலாம். "நன்றாக இருந்தது" என்று எழுத வேண்டாம். எந்த இடம், என்ன நடந்தது என்று எழுதுங்கள். 'பாலகனகமய' என்ற பெயரிலும் 'ஏல நீ தயராது' என்ற பெயரிலும் இரண்டு இடத்தில் பதியுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கும்படி. நூல்களில் உள்ள அட்டவணைகள் மற்றவர்கள் நமக்குச் செய்து கொடுத்தவை. இந்த அலமாரிக்கு உரிய அட்டவணையை நாம்தான் செய்ய வேண்டும்.

உறை இல்லாத தட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். பாட்டு என்றால் பல்லவியின் முதற்சொல் காதில் விழும். கீர்த்தனை அட்டவணையில் தேடி ராகத்தைப் பிடித்துவிடலாம். நாகசுர ஆலாபனை என்றால் சொல் கிடையாது. சுரம் தெரிந்தவர்கள் ஆரோகண அவரோகணத்தை எழுதிக் கொடுத்தால், தண்டபாணியும் பட்டம்மாளும் தொகுத்த ராகப் பிரவாகம் போன்ற நூலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான ராகங்களுக்கு அதில் சுர வரிசை இருக்கிறது. உறுதியாகத் தெரிகிறவரை பென்சிலில் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தவர் வந்து அழித்து எழுதட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இந்த அறை திறந்திருக்கும் என்று நூலகர் அம்மா சொல்கிறார். முதல் வேலையாக அந்த உறையில்லாப் பெட்டியைப் பிரிக்கப் போகிறோம். இந்தக் கூட்டத்தில் நாகசுரக் குடும்பத்துப் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஐயா, நீங்கள் அவசியம் வர வேண்டும். எங்கள் புத்தகங்களில் இல்லாத விஷயங்கள் உங்களிடம் இருக்கின்றன. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள்.